"த ரூம்ஸ் நைஸ்" என்று இழுத்துச் சொன்னால் பாராட்டா, குறையா? ஆங்கிலத்தில் குரல் ஏற்ற இறக்கம் பற்றி ஒரு கேள்வி

நிலாவெளி_ரிசப்ஷன்:

எல்லாருக்கும் வணக்கம். நிலாவெளியில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் பார்க்கிறேன். சித்திரையில் தொடங்கி புரட்டாதி வரைக்கும் எங்களுக்கு சீசன், அந்த மாதங்களில் நாள் முழுக்க ஆங்கிலம்தான் கதைக்க வேண்டும். சொற்கள் எனக்குப் பிரச்சினை இல்லை, இலக்கணமும் ஓரளவு சரி. ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியும், ஆள் என்ன சொல்ல வருகிறார் என்பது பிடிபடாத இடங்கள் இருக்கின்றன. அதைக் கேட்கத்தான் வந்தேன்.

போன கிழமை இங்கிலாந்துப் பெண் ஒருவர் அறையைக் காலி செய்து சாவியைத் தந்தார். எல்லாம் எப்படி என்று கேட்டதற்கு "த ரூம்ஸ் நைஸ்" என்றார். அந்த 'நைஸ்' நேராக வரவில்லை, ஒரு தடவை கீழே போய் மறுபடி கொஞ்சம் மேலே வந்து நின்றது. பக்கத்தில் நின்ற எங்கள் மனேஜர் உடனே "பட்?" என்று கேட்டார். அவ்வளவுதான், அந்தப் பெண் குளியலறையில் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை என்று சொல்லத் தொடங்கிவிட்டார். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு மனேஜரிடம் கேட்டேன். "அவ சொன்ன விதம்" என்கிறார், அதற்கு மேல் அவராலும் விளக்க முடியவில்லை. அவர் மாலைதீவில் ஹோட்டல்களில் கனகாலம் வேலை செய்தவர், கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது போல.

இன்னொன்று, 'சோரி' என்ற சொல். சில பேர் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள், சில பேர் திரும்பச் சொல்லுங்கள் என்ற கருத்தில் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல், குரல்தான் வேறு.

இதற்கெல்லாம் ஒழுங்கான விதி ஏதாவது இருக்கிறதா, அல்லது மனேஜர் மாதிரிக் கனகாலம் கேட்டுத்தான் வர வேண்டுமா? எந்த டியூஷனிலும் இதைப் பற்றி யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. தெரிந்த அண்ணாமார், அக்காமார் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


உப்புவெளி_ஆங்கில_மிஸ்:

தம்பி, உங்கள் மனேஜருக்கு நல்ல காது. ஆனால் அவர் பிடித்ததை விதியாகவும் சொல்லலாம், இதைப் பற்றி நூறு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஹரோல்ட் பாமர் என்ற ஆங்கில ஆசிரியர் 1922இலேயே ஆங்கிலக் குரல் ஏற்ற இறக்கத்தைப் பயிற்சிகளோடு ஒரு நூலாகப் போட்டுவிட்டார். எங்கள் பாடப்புத்தகங்களுக்குள் அது வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு எப்போதும் மனவருத்தம், ஏனென்றால் பிள்ளைகள் இலக்கணத்தை மனப்பாடம் செய்துவிட்டு உண்மையான ஆள் முன்னால் நிற்கும்போது தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் எங்கே காது கொடுக்க வேண்டும் என்று பார்ப்போம். ஒரு வசனம் முழுக்கக் குரல் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும், எல்லாவற்றையும் பின்தொடர வேண்டாம். கடைசியாகப் பெரிய அழுத்தம் எந்தச் சொல்லில் விழுகிறதோ அதைப் பிடியுங்கள். அந்தச் சொல்லிலிருந்து வசனம் முடியும் வரைக்கும் குரல் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் விஷயம்.

இறங்கினால் 'நான் சொல்வதைச் சொல்லி முடித்துவிட்டேன், இதுதான் என் கருத்து'. ஏறினால் 'இது முடியவில்லை, நீங்கள் சொல்லுங்கள், அல்லது நான் இன்னும் சொல்லப்போகிறேன்'. இறங்கி உடனே ஏறினால், உங்கள் 'நைஸ்' மாதிரி, 'நான் சொன்னது சரிதான், ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது'. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, அறை அவருக்கு உண்மையிலேயே பிடித்திருக்கும், குறை வேறு இடத்தில் இருந்தது. ஆங்கிலேயர் பெரும்பாலும் குறையை நேரே எடுத்துச் சொல்லத் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் இந்தக் குரலில்தான் வெளியே வரும். மனேஜர் "பட்?" என்று கேட்டது மிகச் சரியான பதில்.

உங்கள் வேலைக்குப் பொருத்தமான ஒரு வசனம் சொல்கிறேன். "வீ டோன்ட் கிவ் த கீ டு எனிபடி." கடைசிச் சொல்லில் குரல் நேராக இறங்கினால் சாவியை ஒருவருக்குமே கொடுப்பதில்லை என்று அர்த்தம். அதே சொல்லில் இறங்கி ஏறினால் கண்டவர்களுக்கெல்லாம் கொடுக்க மாட்டோம், ஆனால் சிலருக்குக் கொடுப்போம் என்று ஆகிவிடும். எழுதினால் இரண்டும் ஒன்றுதான், ஒரு எழுத்துக்கூட மாறாது.

தமிழ் பேசுகிற எங்களுக்கு இது ஏன் கஷ்டம் என்றால், எங்கள் மொழியில் இந்த வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 'வருகிறார்' என்பதோடு ஒரு 'ஆ' சேர்த்தால் கேள்வி ஆகிவிடும், குரலை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் அது கேள்விதான். நன்னூல் படித்தவர்களுக்கு வினா எழுத்துகள் நினைவிருக்கும், ஆ, ஓ, ஏ எல்லாம் சொல்லின் கடைசியில் வந்து வினாவாக நிற்கும். அழுத்திச் சொல்ல 'தான்' இருக்கிறது, யாரோ சொன்னது என்றால் 'ஆம்' இருக்கிறது. "இரண்டு கோப்பிதான் கேட்டேன்", "இரண்டுதான் கோப்பி கேட்டேன்" என்று நாங்கள் 'தான்' ஐ இடம் மாற்றிப் போடுகிறோம். ஆங்கிலத்தில் "ஐ ஓர்டர்ட் டூ கோஃபீஸ்" என்ற ஒரே வசனத்தில் 'டூ' மேல் குரலை அழுத்தினால் ஒன்றோ மூன்றோ இல்லை, 'கோஃபீஸ்' மேல் அழுத்தினால் தேத்தண்ணி இல்லை. ஆகவே ஒட்டுகளைத் தேடிப் பழகிய எங்கள் காது, அங்கே ஒட்டு ஒன்றும் இல்லாததால், விஷயம் முடிந்தது என்று நினைத்து நகர்ந்துவிடுகிறது.

கேள்விகளைப் பற்றியும் கொஞ்சம். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விக்குக் குரல் பெரும்பாலும் ஏறும், 'வொட்', 'வேர்', 'வென்' என்று தொடங்கும் கேள்விக்குப் பெரும்பாலும் இறங்கும். இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், கேள்வி என்றால் எல்லாம் ஏற வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். "வேர் ஆர் யூ ஃப்ரொம்" சாதாரணமாக இறங்கித்தான் முடியும். அதை ஏற்றிச் சொன்னால் கொஞ்சம் கனிவாக, அக்கறையாக இருக்கும், அதுவும் பிழை இல்லை. ஆனால் 'வேர்' என்ற சொல்லிலேயே அழுத்தி ஏற்றினால் 'எங்கே என்று சொன்னீர்கள், திரும்பச் சொல்லுங்கள்' என்று ஆகிவிடும். நீங்கள் கேட்ட 'சோரி'யும் இந்த வகைதான். ஏறினால் திரும்பச் சொல்லுங்கள், இறங்கினால் மன்னிப்பு.

அப்புறம் வாலாக வரும் கேள்விகள். "த போட் லீவ்ஸ் அட் சிக்ஸ், டஸன்ட் இட்" என்று ஒருவர் சொல்கிறார். 'டஸன்ட் இட்' ஏறினால் அவருக்கு நேரம் உறுதியாகத் தெரியவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். இறங்கினால் அவருக்குத் தெரியும், 'ஓம்' என்று தலையாட்டினால் போதும். நாங்கள் "ஆறு மணிக்குத்தானே, என்ன?" என்று கேட்கிறபோதும் இந்த இரண்டு கருத்தும் வரும், யோசித்துப் பாருங்கள்.

ரிசப்ஷனில் தினமும் பயன்படக்கூடியது இன்னொன்று. "டீ ஓர் கோஃபீ" என்று கேட்கும்போது 'டீ'யில் ஏற்றி 'கோஃபீ'யில் இறக்கினால் இரண்டே இரண்டு இருக்கிறது, ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டிலும் ஏற்றினால் குடிக்க ஏதாவது வேண்டுமா என்ற மாதிரி, ஜூஸ் கேட்டாலும் கொடுக்க வேண்டி வரும்.


புறாமலை_போட்:

மிஸ் சொன்ன இறங்கி ஏறுகிற விஷயத்தை நான் கடலில் நேரே பார்த்தவன். புறாமலைத் தீவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறோம், அங்கே கரையோரமாகவே செட்டையின் நுனி கறுப்பாக இருக்கிற சின்னச் சுறாக்கள் திரியும், அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். தண்ணீரில் இறங்கும் முன்பு "தே ஆர் நொட் டேஞ்சரஸ்" என்று சொல்ல வேண்டும். எங்களோடு வேலை செய்கிற ஒரு தம்பி 'டேஞ்சரஸ்' என்பதைக் கீழே இறக்கி மேலே இழுத்து விடுவார், அவர் கதைக்கிற பாணியே அப்படி. அவர் சொன்னால் வெள்ளைக்கார ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், சில பேர் போட்டை விட்டே இறங்க மாட்டார்கள். அதே வசனத்தை இன்னொரு அண்ணா நேராக இறக்கிச் சொல்லி நிறுத்துவார், எல்லாரும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு குதிப்பார்கள். ஆபத்தில்லை, ஆனால்... என்று அவர்களுக்குக் கேட்டிருக்கிறது என்பது மிஸ் எழுதியதை வாசித்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்குகிறது.

பட்டியல் சொல்லும்போதும் கவனியுங்கள். லைஃப் ஜக்கெட், மாஸ்க், வோட்டர் பொட்டில் என்று மூன்றையும் இறக்கிச் சொன்னால் ஒவ்வொன்றோடும் பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்து நடுவில் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். முதல் இரண்டையும் ஏற்றி கடைசியை இறக்கினால் முடியும் வரை பேசாமல் கேட்பார்கள்.


கிண்ணியா_வாசகன்:

மிஸ் மீது மரியாதை வைத்துக்கொண்டே ஒரு மாற்றுக் கருத்து. தமிழில் எல்லாவற்றையும் ஒட்டுதான் செய்கிறது என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அது முழுக்கச் சரியில்லை என்று நினைக்கிறேன். 'சரி' என்ற ஒரு சொல்லை எடுங்கள். சட்டென்று இறக்கினால் சம்மதம், நீட்டி இறக்கினால் விருப்பமில்லாத சம்மதம், ஏற்றினால் 'பிறகு என்ன நடந்தது, சொல்லு'. 'அப்படியா' இன்னும் மோசம், கடைசியில் 'ஆ' இருந்தும் பாதி நேரம் அது கேள்வியே இல்லை. எங்கள் உம்மா 'ம்' என்ற ஒரே எழுத்தில் வீட்டையே நடத்துவார். ஆகவே எங்கள் காதுக்கு இது புதிதில்லை, ஆங்கிலம் கேட்கும்போது அந்தக் காதைத் திறக்காமல் விடுகிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது, இதைக் கேட்டு விளங்கிக்கொள்வது வேறு, அவர்கள் மாதிரியே கதைக்க வேண்டும் என்பது வேறு. இலங்கை ஆங்கிலத்துக்கு என்று ஒரு ஓட்டம் இருக்கிறது. "யூ ஆர் கமிங், நோ?" என்று நாங்கள் கேட்பது எங்கள் நாட்டில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாருக்கும் விளங்குகிற ஆங்கிலம். அதைப் பிழை என்று சொல்லி அழிக்கத் தேவையில்லை.


சம்பல்தீவு_டு_லண்டன்:

கிண்ணியா_வாசகன் சொன்ன இரண்டாவது விஷயத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. மற்றப் பாதிக்கு ஒரு நடந்த கதை சொல்கிறேன், இது மொழியியல் படிக்கிறவர்களுக்குள் பிரபலமானது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஊழியர்கள் சாப்பிடுகிற ஒரு கன்டீனில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். கொஞ்ச நாளில் முறைப்பாடு, இவர்கள் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, மரியாதை இல்லை என்று. அந்தப் பெண்கள் அதிகம் கதைக்கவே இல்லை. இறைச்சி எடுக்கிற ஆளிடம் குழம்பு ஊற்றவா என்று கேட்பதற்கு 'கிரேவி' என்ற ஒரு சொல், அவ்வளவுதான். ஆங்கிலப் பெண்கள் அதை ஏற்றிச் சொல்வார்கள், 'கிரேவி வேண்டுமா'. இவர்கள் இறக்கிச் சொன்னார்கள். சாப்பிட வந்தவர்களின் காதில் அது 'இது கிரேவி, எடுத்தால் எடு, விட்டால் விடு' என்று விழுந்திருக்கிறது. அந்தப் பெண்களின் மொழி வழக்கத்தில் அப்படி இறக்கிக் கேட்பதுதான் சாதாரணம், ஒரு துளி கோபமும் அதில் இல்லை.

ஜோன் கம்பெர்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதை ஆராய்ந்து 1982இல் எழுதினார். ஒலிப்பதிவை இரண்டு தரப்பையும் ஒன்றாக இருத்திக் கேட்க வைத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் அந்தப் பெண்கள் தங்களை நிறத்துக்காக ஒதுக்குகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள், மேற்பார்வையாளர்கள் இவர்களுக்குத் திமிர் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லின் குரல் எந்தப் பக்கம் போனது என்று தெரியாததால் இத்தனை மனக்கசப்பு. நான் இங்கே வந்து கடையில் நின்று வேலை செய்த காலத்தில் இதைப் படித்தபோது கண் கலங்கியது, ஏனென்றால் அந்த முகச்சுளிப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், எங்கள் ஓட்டத்தை வைத்துக்கொள்வோம், அது எங்களுடையது. ஆனால் எதிரில் நிற்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். அவர்களும் எங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், அந்தக் கடமை ஒரு பக்கத்துக்கு மட்டும் இல்லை.


ஏ_எல்_முடிச்சாச்சு:

ஐஇஎல்டிஎஸ் பரீட்சைக்கு இது தேவையா? வீட்டில் இருந்து தனியாகப் பழக வழி இருக்கிறதா?


உப்புவெளி_ஆங்கில_மிஸ்:

தேவை. பேச்சுப் பரீட்சைக்கு நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் ஒரே நிறை, அதில் ஒன்று உச்சரிப்பு. உச்சரிப்பு என்பதற்குள் குரல் ஏற்ற இறக்கமும் அழுத்தமும் அடங்கும். இலங்கை உச்சரிப்பு இருக்கிறது என்பதற்காகப் புள்ளி குறைக்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம். ஒரே மட்டத்தில் மனப்பாடம் ஒப்புவிப்பதுபோல் போனால்தான் குறையும்.

பழகுவதற்கு ஃபோன் போதும். ஆங்கிலம் பேசுகிற ஒருவரின் சின்னத் துண்டு ஒன்றைக் கேளுங்கள், ஒரு வசனம் போதும். சொற்களை விட்டுவிட்டு வாயை மூடி 'ம்ம்ம்' என்று அந்த இராகத்தை மட்டும் முனகுங்கள், பிறகு சொற்களைப் போட்டுச் சொல்லிப் பதிவு செய்து இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள். கண்ணால் பார்க்க விருப்பம் என்றால் கம்ப்யூட்டரில் 'ப்ராட்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் செய்தது, இலவசம். குரலைக் கொடுத்தால் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும். என்னிடம் வருகிற பிள்ளைகள் தங்கள் கேள்வி கோட்டில் கீழே போவதைப் பார்த்த அன்றே திருந்திவிடுகிறார்கள், நான் நூறு தடவை சொல்லி நடக்காதது.

கிண்ணியா_வாசகன், 'சரி'யைப் பற்றி நீங்கள் எழுதியது சரி, ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் வகுப்பில் அதிலிருந்தே தொடங்கப்போகிறேன்.


நிலாவெளி_ரிசப்ஷன்:

மிஸ், எல்லாருக்கும் மிக்க நன்றி. ஆனால் ஒரு சிக்கல். எங்களிடம் வருகிறவர்களில் இங்கிலாந்து ஆட்கள் கொஞ்சம்தான், பிரான்ஸ், ஜெர்மனி, அவுஸ்திரேலியா ஆட்களும் நிறையப் பேர். பிரெஞ்சுக்காரர் ஒருவர் நேற்று ஒவ்வொரு துண்டுக்கும் குரலை ஏற்றி ஏற்றிக் கதைத்தார், எல்லாம் கேள்வி மாதிரியே இருந்தது. இவர்களுக்கும் இந்த விதிகள் பொருந்துமா?


சம்பல்தீவு_டு_லண்டன்:

அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆட்களைப் பற்றி நான் சொல்கிறேன். அங்கே நிறையப் பேர், குறிப்பாக இளம் ஆட்கள், சாதாரணமாகச் சொல்கிற செய்தியையே ஏற்றி முடிப்பார்கள். "வீ கேம் ஃப்ரொம் கண்டி" என்று ஏறி நிற்கும். அது கேள்வி இல்லை, 'கேட்கிறீர்கள்தானே, விளங்குகிறதுதானே' என்று உங்களையும் கூட்டிக்கொண்டு போவது. இங்கிலாந்துக்குப் பக்கத்திலேயே, வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் ஆட்களும் சாதாரண வசனத்தை ஏற்றித்தான் முடிப்பார்கள். ஆகவே ஆங்கிலம் தாய்மொழியான எல்லாருக்கும் ஒரே விதி என்றும் எடுக்க முடியாது.


உப்புவெளி_ஆங்கில_மிஸ்:

பிரெஞ்சில் ஒரு வசனத்தைச் சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பிரித்து, முடியாத ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் குரலை ஏற்றுவது வழக்கம், இன்னும் இருக்கிறது என்று காட்ட. அந்தப் பழக்கம் அவர்களின் ஆங்கிலத்திலும் கூடவே வரும், நாங்கள் எங்கள் ஓட்டத்தைக் கொண்டுபோவது போலத்தான். அதனால் பிரெஞ்சுக்காரரின் ஏற்றத்தைக் கேள்வியாக எடுக்காமல், கடைசியில் இறங்கி நிற்கும் வரைக்கும் பொறுத்திருங்கள். ஜெர்மன் ஆட்களுடைய ஏற்ற இறக்கம் ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் கிட்ட, ஆனால் நான் கண்டவரைக்கும் குறை இருந்தால் நேரே சொல்லிவிடுவார்கள், நீங்கள் 'நைஸ்' இன் வாலைப் பிடித்து ஆராயத் தேவைப்படாது.

யாராக இருந்தாலும் சாவி வாங்கும்போது "வொஸ் எவ்ரிதிங் ஓகே வித் த ரூம்" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். 'ரூம்' இல் ஏற்றி அப்படியே நிறுத்தி, அவர் வாயைத் திறக்கும் வரை ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். இறக்கிக் கேட்டால் 'எல்லாம் ஓகேதானே, போங்கள்' என்று கேட்கும், குளியலறைத் தண்ணீரைப் பற்றி ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.